தொங்கல்

காளவாசலில் பேரிங் கடைக்கு மேலே, இரண்டாம் மாடி.
இரவு பத்திலிருந்து ஆறுவரை
நான் ஆறு வரைகிறேன்.

பேனா கிடையாது. ஒரு கிளிக், ஒரு புள்ளி.
புள்ளிக்குப் புள்ளி நீலம் தானாக ஓடும்.
மரமே முளைக்காத வடக்கு அது,
ஆர்ட்டிக் கோட்டுக்கும் மேலே, ஷீட் எண் 0417.
ஏசி பதினெட்டில் நிற்கிறது.
நூர்நிஷா துப்பட்டாவைக் காதோடு இழுத்துச் சுற்றிக்கொண்டு
"அங்கேயே போய்ச் சேந்துட்டோம்டி" என்கிறாள்.

முதல் வாரம் படத்தைத் திறந்தபோது
கண்மாய் என்றுதான் நினைத்தேன்.
சித்திரை வெயிலில் வெடித்த வண்டல்,
பாளம் பாளமாய், அதே கோணல் கட்டங்கள்.
ஸ்கேலை வைத்துப் பார்த்தால் ஒரு பாளத்துக்குள்
எங்கள் வீடும் பக்கத்து வீடும் அடங்கும்.
அங்கே பிளந்தது குளிர்.
வெடிப்புக்குள் பனிக்கட்டி ஆப்பாக இறங்கியிருக்குமாம்.
அந்த வெடிப்பைப் பிடித்துக்கொண்டுதான் ஓடைகள் போகின்றன,
குட்டை, கோடு, குட்டை, கோடு,
கோத்துவிட்ட பாசிமணி.

விதிப்புத்தகத்தில் இருக்கிறது:
கோடையில் தண்ணீர் தெரிந்தால் முழுக்கோடு.
விட்டு விட்டு வந்தால் விட்டு விட்டுக் கோடு.
ஒன்பது மாதம் உறைந்து கிடப்பதை
வற்றாத நதி என்று போடலாமா, கேட்டேன்.
அல்போன்ஸ் சார் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார்.
போடலாம்.
வைகைக்கு என்ன கோடு என்று நான் கேட்கவில்லை.

பெயர் என்று ஒரு கட்டம் உண்டு.
இந்த ஷீட்டில் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு ஏரி.
எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று அடித்திருக்கிறேன்.
அங்கேயும் யாராவது மீன் பிடிப்பார்கள்,
வீட்டுக்கு லேட்டாக வந்து
இன்ன கரையில் மாட்டிக்கொண்டேன் என்று சொல்லியிருப்பார்கள்.
அந்தச் சொல் எங்கள் எக்செல் வரைக்கும் வரவில்லை.
நான் குடியிருப்பது பீபிகுளத்தில்.
குளம் எங்கே என்று கேட்டால்
வருமானவரி ஆபீஸைக் காட்டுவேன்.

சொல்ல வந்தது வேறு.

செவ்வாய் ராத்திரி, மணி மூன்றேகால், ஒரு ஓடை.
மேற்கிலிருந்து நன்றாகத்தான் வந்தது.
ஏரிக்கு முந்நூறு மீட்டர் இருக்கும்போது நின்றுவிட்டது.
மணலா, பாசியா, படத்தில் பழுப்பாக ஏதோ.
சாஃப்ட்வேருக்கு இது ஆகாது.
எந்த ஆறும் எதிலாவது போய்ச் சேர்ந்தாக வேண்டும்.
சேராத முனையில் சிவப்புப் புள்ளி வைக்கும்.
எங்கள் பாஷையில் அதற்குப் பெயர் தொங்கல்.
ஷீட்டுக்கு முந்நூற்று நாற்பது ரூபாய்,
சிவப்பு இருந்தால் கிடையாது.

மூன்று கிளிக் வைத்தேன்.
ஓடை ஏரியில் சேர்ந்தது. பாஸ்.

விடிந்து, பாலத்தில் ஷேர் ஆட்டோ நெரிசலில் நின்றது.
கீழே ஆகாயத்தாமரை, நான்கு எருமை,
யாரோ கொட்டிவிட்டுப் போன கட்டடக் குப்பை.
இதுவும் கடலுக்குப் போகிற ஆறு இல்லை.
ராமநாதபுரம் கண்மாயோடு சரி,
அதுவும் போகிற வருஷத்தில்.
எங்கோ ஒரு குளிர்ந்த ஊரில், ராத்திரி ஷிஃப்டில்,
ஒருத்தி இதை வரைந்துகொண்டிருந்தால்
கூலிக்காக இழுத்துக் கடலில் விட்டிருப்பாளோ?
அவள் விடட்டும். இங்கே யாரும் படகோடு வரப்போவதில்லை.
அங்கே வரலாம்.
என் நீலத்தை நம்பி
துடுப்பும் மூட்டையுமாக ஒருவர் வரலாம்.

மறுநாள் இரவு ஷீட்டைத் திரும்பத் திறந்து
மூன்றையும் அழித்தேன்.
சிவப்பு உடனே வந்து உட்கார்ந்தது.
பிஸ்கட் கடித்தபடி அல்போன்ஸ் சார் பின்னால் நின்றார்.
"இது எங்க போகுது?"
"போகல சார். நின்னுருச்சு."
"ஆறு எப்படிம்மா நடுவுல நிக்கும்?"
கேட்டுவிட்டு அவரே கொஞ்ச நேரம் பேசவில்லை.
அவருக்குச் சொந்த ஊர் பரமக்குடி.

பிறகு குனிந்து குறிப்புக் கட்டத்தைத் திறந்துவிட்டார்.
நாற்பது எழுத்துதான் கொள்ளும்.
"இந்த ஷீட்டுக்குக் காசு வராது, பாத்துக்க."
நூர்நிஷா எட்டிப் பார்த்தாள்.
அடித்து, அழித்து, அடித்தேன்:
நேரில் போய்ப் பார்க்கவும்.